வானத்தைப் பார்க்க ஓர் ஆள்

"நீ திரையைப் பாரு. நான் வானத்தைப் பாக்கறேன்."

"ரெண்டையும் நானே பாத்துக்கறேன்."

"எப்படிப் பாப்ப? உன் கண்ணு ரெண்டும் போன்ல இருக்கும். பின்னாடி என்ன வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாடி என்ன வரப்போகுது?"

"காக்கா வரும். கம்பி வரும். எவனாவது பட்டம் விட்டுக்கிட்டு இருப்பான். அதெல்லாம் என் டிபார்ட்மெண்ட். நீ டிரைவர், நான் கண்டக்டர்."

"விசில் ஊதுவீங்களா?"

"ஊதிட்டா போச்சு."

ஊதவும் செய்தார். ஆற்றங்கரை மணல்திட்டில் அன்று அந்தப் புருஷன் பெண்டாட்டி இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை. அவள் ரிமோட்டின் குச்சியை மேலே தள்ளினாள். டிரோன் பெரிய வண்டு போல ரீங்கரித்து, மணலை வாரி இருவர் மீதும் இறைத்துவிட்டு எழும்பியது. அவர் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி, "ரைட், ரைட், போலாம் ரைட்... ஹோல்டான்! இடது பக்கம் கொக்குக் கூட்டம். லேடீஸ் ஏறி இறங்கட்டும், கொஞ்சம் நிறுத்து" என்றார். அவளுக்கு வந்த சிரிப்பில் திரையில் ஆறே குலுங்கியது.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போன வருஷம் அது. போகும்போது, சிநேகிதிகளோடு சேர்ந்து வாங்கிச் சலித்துப்போன டிரோனைப் பையோடு அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் எவ்வளவு நேரந்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க? இதையாவது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். துணி துவைக்கிற வீட்டுக்கு டிரோன் எதற்கு என்று தெருவே சிரித்தது. அவள் மட்டும் பையைத் திறந்தவள், அதன் பிறகு மூடவே இல்லை.

இப்போது அந்த மணல்திட்டுப் பேச்சை நினைத்தபடி அவள் மொட்டை மாடியில் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்றை அவள் துணியை வைத்துத்தான் பார்ப்பாள். போனில் வானிலை சொல்கிற ஆப் இருந்தது. அதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. கீழே சலவைக்கடை, நடுவில் வீடு, மேலே காயப்போடும் மாடி என்று அடுக்காகக் கட்டிய கட்டடம் அவர்களுடையது. மாடி நெடுக இரும்புக் குழாய்கள் நட்டு, குறுக்கே கம்பி இழுத்திருந்தார்கள். அதில் தலையணை உறைகள் மட்டும் காதை ஆட்டினால் டிரோன் பறக்க விடலாம். படுக்கை விரிப்பு வயிறு உப்பினால் யோசிக்க வேண்டும். விரிப்பு கம்பியைச் சுற்றிக்கொண்டால் பேசாமல் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். இத்தனை வாரமாக ஒன்று மழை, இல்லாவிட்டால் விரிப்பு கம்பியைச் சுற்றுகிற காற்று. இன்று கடைக்கு விடுமுறை. தலையணை உறைகள் காதை மட்டுந்தான் ஆட்டின. அவளுக்கு உள்ளங்கை அரித்தது.

"டிரோன்காரம்மா!" எதிர் மாடியிலிருந்து பேக்கரிக்காரம்மா கூப்பிட்டாள். "உங்க ஹெலிகாப்டரைக் கொஞ்சம் எங்க புகைபோக்கி பக்கம் அனுப்புங்களேன். உள்ள குருவி கூடு கட்டிருச்சோன்னு சந்தேகமா இருக்கு."

"சாயங்காலம் பாக்கலாங்க்கா."

"போன வாரமும் அதத்தான் சொன்னீங்க."

"போன வாரம் மழைக்கா."

"மழை விட்டப்புறம் தண்ணித் தொட்டி மூடி தெறந்திருக்கான்னு தையக்கடைக்காரருக்குப் பாத்துக் குடுத்தீங்களாமே?"

அவள் ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். தெருவில் எவர் வீட்டு மாடியில் எது இருந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தொட்டி மூடி, ஓடிப்போன பூனை, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லை தாண்டியிருக்கிறதா என்கிற வழக்கு. ஆரம்பத்தில் அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக, ஓவியம் போடத் தெரிந்தவளைக் கூப்பிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வது போல ஆகிவிட்டது. அவளுக்கு வேண்டியதெல்லாம், எதையும் தேடாமல், எவருக்கும் எதையும் படம் எடுத்துக் கொடுக்காமல், ஆற்றங்கரையில் அதைச் சும்மா மேலே அனுப்பி, சும்மா சுற்றவிட்டு, சும்மா இறக்குவது. இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அவள் கீழே இறங்கி வந்தபோது அவர் மேஜையில் ரொட்டியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவித்த முட்டையை உரித்து அவள் தட்டில் வைத்திருந்தார். உரித்த முட்டையில் ஓட்டுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. முன்னெல்லாம் வழவழவென்று உரிப்பார்.

"காத்து நல்லா இருக்கு" என்றாள்.

"ம்."

"தலையணை உறை மட்டுந்தான் ஆடுது."

"ம். தங்கச்சி மாப்பிள்ளை போன் பண்ணாரு."

அவள் முட்டையைக் கீழே வைத்தாள். "எப்ப?"

"நீ மேல இருக்கறப்ப. பின்னாடி தெருவுல அந்தக் காலி மனை இருக்குல்ல, அதுக்குப் பார்ட்டி வந்திருக்காம். மேலேர்ந்து ஒரே ஒரு வீடியோ. அஞ்சு நிமிஷ வேலைன்னாரு."

"போன தடவையும் அஞ்சு நிமிஷந்தான். பொழுது சாஞ்சுது."

"அது தோப்பு. இது மனைதானே."

"உங்க மாப்பிள்ளைக்கு மனை, தோப்பு எல்லாம் ஒண்ணுதான். 'அக்கா, இன்னும் கொஞ்சம் மேல. அக்கா, அந்த மூலையில குப்பை தெரியுது, அதை விட்டுட்டு எடுங்க.' குப்பையை விட்டுட்டு எடுக்க நான் என்ன கத்திரிக்கோலா வச்சிருக்கேன்?"

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "தங்கச்சி வீட்டுக்காரரும்மா. எப்படி முடியாதுன்னு சொல்றது?" என்றார்.

எப்படி முடியாது என்று சொல்வது என்பது அந்த வீட்டில் ரொம்பக் காலமாக விடை தெரியாத கேள்வி. நாத்தனாரின் கணவர் வீட்டு புரோக்கர். வாயில் சக்கரம் கட்டியவர். 'மச்சான்' என்று அவர் கூப்பிட்டால் போதும், இவருக்கு நெஞ்சு இளகிவிடும். ஆனால் அவள் கேட்க நினைத்தது வேறொன்று. 'அவர் கூப்பிட்டா உடனே சரின்னு சொல்றீங்களே, என்கூட ஆத்தங்கரைக்கு நீங்க கடைசியா எப்ப வந்தீங்க?' தொண்டை வரை வந்தது. டீயோடு சேர்த்து முழுங்கினாள். கேட்டு வாங்குகிற துணை என்ன துணை, அவராகத் தோன்றி வர வேண்டும் என்று ஒரு வீம்பு அவளுக்கு. அந்த வீம்புக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அவர் வராமல் போனது எப்போது என்று அவளுக்குத் துல்லியமாக நினைவில்லை. ஒருநாள் மணல்திட்டில் பருந்து ஒன்று வந்து டிரோனை அறைந்துவிட்டது. விசிறி உடைந்து மணலில் குத்திட்டு விழுந்தது. வேறு விசிறி மாட்டியதும் சரியாகிவிட்டது, பெரிய சேதம் இல்லை. அதற்கு அடுத்த வாரம் அவருக்கு முதுகு வலி. அதற்கடுத்த வாரம் இஸ்திரி மிச்சம் இருந்தது. பிறகு மாப்பிள்ளையின் மனைகள் வந்துவிட்டன. அலுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். ஆண்களுக்கு எதுவும் சீக்கிரம் அலுத்துவிடும் என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

"சரி, வரச் சொல்லுங்க. முடிச்சுட்டு நான் ஆத்தங்கரைக்குப் போறேன்" என்றாள்.

மாப்பிள்ளை வருவதற்குள் கடை போன் அடித்தது. லாட்ஜ் மேனேஜர்.

"அம்மா, லீவுன்னு தெரியும். தப்பா நெனைக்காதீங்க. ஒரு பெரிய குரூப் மத்தியானம் இறங்குது. ஸ்டோர்ல தண்ணி ஒழுகி எல்லா பெட்ஷீட்டும் நனைஞ்சு போச்சு. மூட்டையை அனுப்பறேன், அலசிக் காயவச்சுத் தேச்சுக் குடுத்துடுங்க."

"லீவு நாள்ல ஆளில்லைங்க."

"உங்க வீட்டுக்காரர் இருக்காருல்ல? அவரு என்மேல என்னமோ கோவமா இருக்காரும்மா. நேத்து ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கையை ஆட்டறேன், நேரா என்னைப் பாத்துக்கிட்டே போறாரு. ஒரு தலையாட்டல் கூட இல்ல."

"அவருக்கு வேலை ஞாபகமா இருந்திருக்கும்."

"எனக்கும் வேலை ஞாபகந்தாம்மா. மூட்டை வருது, பாத்துக்குங்க."

மூட்டை வந்தது. நனைந்த துணிக்கு ஒரு வாடை உண்டு, மூடி வைத்த சோற்றுப் பானை மாதிரி. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினில் தண்ணீர் விட்டாள். அவர் முதல் தவணையைப் பிழிந்து மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டார். இறங்கி வரும்போது மாப்பிள்ளை வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா, கையில் போன்.

"அக்கா! என்னக்கா, லீவு நாள்லயும் இவ்ளோ வேலை?"

"வாங்க தம்பி. உக்காருங்க. இந்த ரவுண்டு ஓடி முடிஞ்சதும் வரேன்."

"பார்ட்டி பன்னெண்டு மணிக்குக் கெளம்பிருவாங்கக்கா."

"மெஷினை நடுவுல விட்டுட்டு வர முடியாது தம்பி. இஸ்திரியும் சூடாகுது."

"இல்ல இல்ல, நீங்க வேலையப் பாருங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் மாப்பிள்ளை, அவசரமே உருவாக நின்றுகொண்டு.

ஸ்டீம் இஸ்திரியின் இரைச்சலில் அவளுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. விரிப்பின் ஒரு முனையை இழுத்து, மடித்து, ஆவியை விட்டு, மறுமுனையைத் திருப்பினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்த மூட்டை முடிந்து, மனை முடிந்து, புகைபோக்கி முடிந்து, ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்போது காற்று எழும்பிவிடும். எப்போதும் பிற்பகலில்தான் எழும்பும். ஒரு விரிப்பின் நடுவில் ஆவியைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

ஆவி அடங்கிய ஒரு நொடியில் அது கேட்டது. டிரோன் உயிர் பெறும்போது பாடுகிற சின்ன இசை. தலைக்கு மேலே, மாடியிலிருந்து.

இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் படியேறி ஓடினாள்.

மாடியில் ஈர விரிப்புகளுக்கு நடுவே அவர் டிரோனை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு சுற்று. மாப்பிள்ளை ரிமோட்டில் மாட்டிய போனைப் பார்த்து, "அவ்ளோதான் மச்சான், பச்சை டிக் வந்துருச்சு" என்று கை தட்டினார். அந்தச் சுற்று அவளுக்குத் தெரியும். திசைகாட்டியைச் சரி பண்ணச் சொல்லிப் போன் கேட்கும்போது அவள் மணல்திட்டில் சுற்றுவது. அவர் பார்த்துச் சிரித்து, தானும் கூடவே சுற்றி ஆடிக்காட்டியதெல்லாம் உண்டு. ஆனால் இரும்புக்குப் பக்கத்தில் நின்று அதைச் சுற்றவே கூடாது. இரும்பு பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி வடக்கைத் தெற்கென்று நம்பிவிடும். இந்த மாடியில் இரும்புக் குழாய்கள் காடு மாதிரி நின்றன.

"வேணாங்க! இங்கேர்ந்து வேணாம்!"

"வந்துட்டியா? நீயே பாரேன், எவ்ளோ ஈஸியா..." என்றார் அவர். அதற்குள் மாப்பிள்ளையின் கட்டைவிரல் வேலையை முடித்துவிட்டது. டிரோன் விரிப்புகளை விலக்கிக்கொண்டு எழுந்தது.

கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சின்னதாக ஒரு வட்டம் போட்டது. அடுத்த வட்டம் பெரிதாக இருந்தது. அதற்கடுத்தது தெருவையே சுற்றியது.

"என்னக்கா, தானா டான்ஸ் ஆடுது?"

"குடுங்க இப்படி!" ரிமோட்டைப் பிடுங்கினாள். ஈரக் கை வழுக்கியது. வட்டத்துக்கு எதிராக இழுத்துப் பார்த்தாள், அது இன்னும் வெறி பிடித்து ஓடியது. "வீட்டுக்குத் திரும்பற பட்டன் இருக்குமேக்கா, அதை அமுக்குங்க" என்று மாப்பிள்ளை எக்கினார். "அமுக்காதீங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், உதவி செய்கிற நினைப்பில் கணவரின் விரல் அதை அமுக்கியிருந்தது. வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாத டிரோன், வீட்டுக்குத் திரும்புவதாக நினைத்துக்கொண்டு எங்கோ சாய்ந்தது. திரையில் கூரைகள் ஓடின. பேக்கரிக்காரியின் புகைபோக்கி வந்து போனது. ஒரு மரம், ஒரு சுவர், மறுபடி கூரை. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம் போச்சு?" என்று அவள் கேட்டாள்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். கணவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மூன்று பேரும் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்கள். ரிமோட் கைமாறியதிலிருந்து மூன்று தலையும் அந்தச் சின்னத் திரை மேல்தான் கவிழ்ந்திருந்தன. வானம் சுத்தமாகத் துடைத்து வைத்தது போல இருந்தது.

"வானத்தை யாராச்சும் பாத்தீங்களா?" என்றாள்.

ஒரு விரிப்பு வயிறு உப்பியது. காற்று எழும்ப ஆரம்பித்திருந்தது.

"சரிக்கா, நான் பார்ட்டியைப் பாத்துட்டு வந்துடறேன். கெடைச்சதும் ஒரு போன் அடிங்க" என்று மாப்பிள்ளை படியிறங்கிப் போய்விட்டார். அவருடைய சாதுர்யம் எப்போதும் படிகளில்தான் வேலை செய்யும்.

மிச்சத் துணியை உலர்த்தி, தேய்த்து, மூட்டை கட்டி லாட்ஜுக்குப் போட்டுவிட்டுத்தான் அவர்களால் தேடக் கிளம்ப முடிந்தது. வயிற்றில் காலை டீக்குப் பிறகு எதுவும் போகவில்லை. வேனை அவள்தான் ஓட்டினாள். போன வருஷம் முதுகு வலி என்று சாவியை அவளிடம் கொடுத்ததிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள்.

"நீ ஆத்தங்கரைக்குப் போகணும்னியே. இதை நானே முடிச்சுக் குடுத்துட்டா உனக்கு ஒரு வேலை கொறையுமேன்னு நெனச்சேன்" என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

"கொறைஞ்சுது. இனிமே வேலையே இல்ல."

"வேற வாங்கிக்கலாம்மா."

"வேற வேணாம்."

"இதைவிட நல்லதா..."

"வேணாம்னு சொல்றேன்ல!"

போன் வரைபடத்தில் டிரோன் கடைசியாகப் புள்ளியாகத் தெரிந்த இடம் ஐஸ் ஃபாக்டரி. உயரமான சுவர், அதற்கு மேல் கண்ணாடித் துண்டுகள், உள்ளே நீளமாகச் சாம்பல் நிறக் கூரை. பெரிய கதவில் பூட்டு. பக்கத்துச் சின்னக் கதவில் வாட்ச்மேன் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு ஐஸ் கெடையாது."

"ஐஸ் வேணாண்ணே. எங்க டிரோன் ஒண்ணு உங்க கூரைமேல விழுந்திருக்கும்னு நெனைக்கறோம்."

"என்னது?"

"பறக்கற கேமரா" என்றார் கணவர்.

வாட்ச்மேன் வாயில் போட்ட வறுவலை மெல்லாமல் நிறுத்தினார். "கேமராவா? எங்க முதலாளியைப் படம் புடிக்கவா அனுப்பினீங்க?"

"உங்க முதலாளியைப் புடிச்சு நாங்க என்னண்ணே பண்ணப்போறோம். அது தானா வந்துருச்சு."

"தானா வந்துச்சுன்னா தானா போயிடும். நான் யாரையும் உள்ள விட முடியாது. சாவி முதலாளிகிட்ட. முதலாளி நாளைக்குத்தான் வருவாரு."

"மழை வர்ற மாதிரி இருக்குண்ணே. நனைஞ்சா அவ்ளோதான்."

"மழையை நானா வரச் சொன்னேன்? வேணும்னா அந்தச் சந்து வழியா சுத்திப் பாத்துக்குங்க. சுவரைத் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா என் வேலை போயிடும்."

சந்து ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் சாக்கடை. அவர் முன்னால் போனார். அவள் செருப்பைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி நடந்தாள். சந்தின் கடைசியில் கொஞ்சம் மேடாக இருந்தது. அங்கிருந்து கூரை முழுக்கத் தெரியும். அவர் மேட்டில் ஏறி, பழைய மாதிரியே நெற்றியில் கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார்.

"இங்க இல்லம்மா. அடுத்த தெருப் பக்கம் பாப்போம்."

அவளும் ஏறினாள். ஏறியதுமே கண்ணில் பட்டது. கூரை நடுவில் ஒரு புகைக்குழாய், அதன் காலடியில் டிரோன் மல்லாந்து கிடந்தது. அடிவயிற்றில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது.

"இதோ இருக்கே!"

"எங்க?"

"அந்தக் குழாய்கிட்ட. சிவப்பு லைட்டு மின்னுது பாருங்க."

"ஓ... ஆமா, ஆமா. தெரியுது" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீர்த் தொட்டியை.

அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இத்தனை நடந்தும் இவர் ஒழுங்காகக் கூடப் பார்க்கவில்லையே என்று திட்ட வாயெடுத்தாள். வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர் முழு மூச்சாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குரலை இயல்பாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "அதுமேல ஒரு காக்கா உக்காந்திருக்கு பாருங்க."

"ஆமா, பாத்தேன். கொத்தாம இருந்தாச் சரி."

கூரையில் காக்காவும் இல்லை, குருவியும் இல்லை.

லாட்ஜ் மேனேஜரின் கையாட்டல், வேன் சாவி, ஓடு ஒட்டிய முட்டை என்று ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. கடைசியில் அந்தப் பருந்து வந்தது. அன்று மணலில் குத்திட்டுக் கிடந்த டிரோனைத் தூக்கிக்கொண்டு அவள் கத்தியிருந்தாள். என்ன கத்தினாள் என்பது இப்போதுதான் வார்த்தை வார்த்தையாக நினைவுக்கு வந்தது.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"என்னது எவ்வளவு நாளா?"

"அங்க காக்கா இல்லைங்க."

அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார். சாக்கடை சலசலத்தது.

"கிட்டத்துல ஓரளவு பரவால்ல. தூரந்தான்" என்றார். "முதல்ல பனி மாதிரி இருந்துச்சு. நம்ம கடை ஆவியோன்னு நெனச்சேன். பருந்து அடிச்ச அன்னிக்கு நான் வானத்தைத்தாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தியமா. எனக்கு வெறும் வானந்தான் தெரிஞ்சுது."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? 'வானத்தைப் பாக்கச் சொன்னா எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க, உங்களை நம்பி விட்டேன் பாரு'ன்னு நீ கேட்ட. கண்டக்டருக்குக் கண்ணு தெரியலன்னு டிரைவர்கிட்டச் சொல்லவா?"

"அதுக்காக மாப்பிள்ளையோட மனைக்கெல்லாம் என்னை அனுப்பினீங்களா?"

"அங்க போனா கூட நாலு பேர் இருப்பாங்க. யாராச்சும் மேல பாத்துக்குவாங்க. ஆத்தங்கரைன்னா நீ தனியா போவ. இல்லாட்டி என்னைக் கூப்பிடுவ."

"நான் எங்க கூப்பிட்டேன்?"

"கூப்பிடலதான்" என்றார் அவர். "கூப்பிட்டுடுவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கூப்பிடாமயே விட்டுட்டியேன்னும் இருந்துச்சு."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் மேல் பாதி, தன் மேல் பாதி. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஒரே டீயைக் குடித்துக்கொண்டு, ஆளுக்கொன்றை முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நடுவில் புகுந்து மாப்பிள்ளை ஊர் மனையெல்லாம் விற்றுவிட்டார்.

"ஒரு கண்ணாடி போட்டாத் தீர்ற விஷயங்க! இதுக்குப் போயி..."

"போட்டும் தெரியலன்னா?"

அவருடைய பயம் அந்த இடத்தில்தான் இருந்தது, டாக்டரிடம் போகாத வரை கண்ணுக்கு வந்தது எதுவோ அது பெயர் இல்லாமலே இருக்கும் என்று நினைத்திருந்தார். அவள் கூரையைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு ஒருமுறை நீளமாக எரிந்தது. அடுத்த மினுக்கலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

"அணைஞ்சுருச்சா?" என்று அவர் கேட்டார். அவளுடைய மூச்சை வைத்தே கண்டுபிடித்திருந்தார்.

"அணைஞ்சுருச்சு."

ஒரு பெரிய மழைத்துளி அவள் கையில் விழுந்தது. இன்னொன்று அவர் நெற்றியில். சந்தின் அந்தக் கோடியிலிருந்து வாட்ச்மேன், "மழை வருது! கெளம்புங்க! நான் பாத்துக்கறேன், அதை எவனும் தூக்கிக்கிட்டுப் போக மாட்டான்! எனக்கே அங்க ஏற வழி தெரியாது!" என்று கத்தினார்.

"இறங்கும்மா, வழுக்கும்" என்று அவர் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கவில்லை. ஏணி, முதலாளி, சாவி, நாளைக்கு அது வேலை செய்யுமா செய்யாதா, எதுவும் தெரியாது. மொட்டை மாடியில் காலையில் காயப்போட்ட உறைகள் வேறு நனைந்துகொண்டிருக்கும். இப்போது விட்டால் கேட்க நினைத்தது மறுபடி டீயோடு சேர்ந்து உள்ளே போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏங்க" என்றாள். "அது பொழைச்சாலும் சரி, வேற வாங்கினாலும் சரி. நீங்க என்கூட ஆத்தங்கரைக்கு வரணும். கண்ணாடி போட்டுத் தெரிஞ்சாலும் வரணும், தெரியலன்னாலும் வரணும். காக்கா வந்தா வரட்டும், பருந்து வந்து அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். எனக்குப் பக்கத்துல நின்னு, ரைட் ரைட்னு சொல்லிக்கிட்டு இருக்க எனக்கு ஓர் ஆள் வேணும். வரீங்களா?"